ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்: ஏ.எம்.சி. பணத்தை ஒழுங்காகத் தள்ளிவைக்கும், பங்கு பிரிப்பது நம் பாடு

பில்லிங் மெஷின் விற்கிற எந்தக் கடையிலும் பேக்கேஜ் ஏறக்குறைய ஒன்றுதான். டச் ஸ்கிரீன் மெஷின், ரசீது பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், அதில் ஓடும் சாஃப்ட்வேர், ஆள் வந்து பொருத்திப் பழக்கித் தருவது, மூன்று வருட சப்போர்ட் (ஏ.எம்.சி., அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்). எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. வாங்குகிறவருக்கு அது வசதி. கணக்கு எழுதுகிறவருக்கோ அந்த ஒற்றை விலைக்குள் வெவ்வேறு தேதிகளில் வருமானமாக மாற வேண்டிய நான்கு பங்குகள் இருக்கின்றன. மெஷின் கைமாறிய அன்று ஒன்று, லைசென்ஸைப் பயன்படுத்த முடிந்த அன்று ஒன்று, இன்ஸ்டலேஷன் முடிந்த அன்று ஒன்று, சப்போர்ட்டுக்கான பங்கு 36 மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக.

இந்த வேலைக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் எவ்வளவு தாங்கும் என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய, கணக்கு, ஸ்டாக், பில்லிங் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் திறமூல மென்பொருள். லைசென்ஸ் கட்டணம் கிடையாது, சர்வர் செலவும் அமைத்துத் தருகிறவர் கூலியும்தான். கீழே சொல்வது எல்லாம் 15-ஆம் பதிப்பை வைத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வருமானத்தை எப்போது, எவ்வளவு காட்டுவது என்று சொல்லும் கணக்குத் தரமான, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏ.எஸ். 115, பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும் நிகர மதிப்பு ரூ.250 கோடியைத் தொட்ட நிறுவனங்களுக்கும் அவற்றின் குழும நிறுவனங்களுக்கும்தான் கட்டாயம். பெரும்பாலான டீலர்கள் இன்னும் பழைய வருமானத் தரமான ஏ.எஸ். 9-இல்தான் இருக்கிறார்கள். அதில் பங்கு பிரிக்கும் சூத்திரம் இல்லை. ஆனால் அதற்காக மூன்று வருட ஏ.எம்.சி.யை பில் போட்ட மாதமே வருமானமாகக் காட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. இன்ஸ்டலேஷன் கட்டணம் ஒப்புக்கு இல்லாமல் கணிசமாக இருந்தால், பொருத்தி முடித்து வாடிக்கையாளர் ஏற்ற பிறகே வருமானம் என்று ஏ.எஸ். 9-உம் சொல்கிறது. ஆகவே இரண்டு தரப்புக்கும் வேலை ஒன்றுதான், கெடுபிடி மட்டும் கூடக் குறைய.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். தனித்தனியாக வாங்கினால் மெஷின் செட் ரூ.70,000, நிரந்தர லைசென்ஸ் ரூ.30,000, இன்ஸ்டலேஷனும் பயிற்சியும் ரூ.5,000, மூன்று வருட சப்போர்ட் ரூ.45,000. மொத்தம் ரூ.1,50,000. பேக்கேஜாகக் கொடுப்பது ரூ.1,20,000-க்கு. தள்ளுபடி 30,000, அதாவது 20 சதவீதம். எந்தப் பொருளுக்காக இந்தத் தள்ளுபடி என்று காட்ட ஆதாரம் இல்லாதவரை, தனி விற்பனை விலையின் விகிதத்தில் எல்லாவற்றின் மேலும் பரவ வேண்டும். மெஷின் 56,000, லைசென்ஸ் 24,000, இன்ஸ்டலேஷன் 4,000, சப்போர்ட் 36,000.

இனி மென்பொருளுக்குள் போவோம். புதிதாக வருகிறவர் முதலில் தேடிப் போவது 'ப்ராடக்ட் பண்டில்' வசதியை. பெயரே நமக்காக வைத்ததுபோல இருக்கும். அதுதான் முதல் பள்ளம். பண்டிலில் தாய்ப் பொருள் ஒன்று, அதற்குள் குட்டிப் பொருள்கள். ஸ்டாக் குட்டிகளிலிருந்து சரியாகக் கழியும். விலையைக்கூடக் குட்டிகளின் விலையைக் கூட்டி எடுக்கச் செய்யலாம். ஆனால் வருமானம் இன்வாய்ஸில் தாய்ப் பொருளின் வரியில் (லைனில்) மட்டும்தான் விழுகிறது. டெஃபர்டு ரெவென்யூவுக்கான, அதாவது வருமானத்தைப் பிந்தைய மாதங்களுக்குத் தள்ளிவைப்பதற்கான கட்டங்கள் இன்வாய்ஸ் வரியில் இருக்கின்றன, குட்டிகளின் பட்டியலில் இல்லை. விளைவு, 1,20,000-உம் அன்றைக்கே வருமானம். இதைக் கவனித்த யாராவது தாய்ப் பொருளில் டெஃபர்டு டிக் போட்டால் இன்னும் மோசம். மெஷின் விலை உட்பட மொத்தமும் மாதம் ரூ.3,333 என்று 36 மாதத்துக்கு இழுபடும். மெஷினின் கொள்முதல் செலவு முதல் மாதமே போய்விடுவதால் நல்ல வியாபாரம்கூட நஷ்டமாகத் தெரியும். 2007-இல் வந்த ஐபோனுக்கு ஆப்பிள் 24 மாதம் பரப்பித்தான் வருமானம் காட்டியது. அன்றைய அமெரிக்க விதி அப்படி, 2009-இல் அந்த விதியே மாறிவிட்டது. நமக்கு அந்தக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை.

பண்டிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மெஷின், பிரிண்டர், ஸ்கேனர் மூன்றையும் மட்டும் அதில் கட்டுங்கள். ஒரே பெட்டியாக ஒரே நாளில் போகிறவை அவை. லைசென்ஸ், இன்ஸ்டலேஷன், சப்போர்ட் மூன்றும் இன்வாய்ஸில் தனித்தனி வரியாக நிற்க வேண்டும்.

அடுத்த கேள்வி, 20 சதவீதத் தள்ளுபடியை நான்கு வரிகளிலும் யார் பிரிப்பது? ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் அதற்கென்று ஒரு எஞ்சின் கிடையாது. பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள்களான நெட்சூட்டின் அட்வான்ஸ்டு ரெவென்யூ மேனேஜ்மென்டிலும் எஸ்.ஏ.பி.யின் ஆர்.ஏ.ஆர்.-இலும் இருப்பதுபோலத் தனி விற்பனை விலையை வைத்து ஒப்பந்தத்தைத் தானே பிரிக்கும் ஏற்பாடு இதில் இல்லை. ஆனால் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு கட்டம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இன்வாய்ஸின் அடியில் இருக்கும் 'அடிஷனல் டிஸ்கவுன்ட்'.

நான்கு வரிகளிலும் தனி விற்பனை விலையை அப்படியே போடுங்கள்: 70,000, 30,000, 5,000, 45,000. வரியில் எந்தத் தள்ளுபடியும் வேண்டாம். கீழே 'அப்ளை அடிஷனல் டிஸ்கவுன்ட் ஆன்' என்ற இடத்தில் 'நெட் டோட்டல்' தேர்ந்தெடுத்து, தொகையாக 30,000 கொடுங்கள். மென்பொருள் அதை எல்லா வரிகளுக்கும் விகிதப்படி பகிர்ந்துவிடும். சப்போர்ட் வரியைத் திறந்து 'நெட் அமவுன்ட்' கட்டத்தைப் பார்த்தால் 36,000 நிற்கும். லெட்ஜருக்குப் போவதும், 36 மாதத்துக்குப் பிரியப் போவதும் இந்த நெட் தொகைதான். ஸ்டாண்டர்டு கேட்கிற பிரிவினை ஒரு கட்டத்தில் முடிந்துவிட்டது.

இதைக் கெடுக்கக்கூடியவை மூன்று. ஒன்று, அந்தக் கட்டத்தில் தானாக வந்து நிற்பது 'கிராண்ட் டோட்டல்'. மாற்ற மறந்தால் 30,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையிலிருந்து கழிந்து, ஜி.எஸ்.டி.க்கு முந்தைய விலை 1,20,000-ஆக நிற்காது. இரண்டு, செல்லிங் செட்டிங்ஸில் தள்ளுபடியைத் தனிக் கணக்கில் காட்டும் 'டிஸ்கவுன்ட் அக்கவுண்டிங்' வசதி. அது ஆனில் இருந்தால் தள்ளுபடி வரிகளுக்குள் பகிராமல் தனி லெட்ஜருக்குப் போய்விடும்; இந்த மாதிரி வியாபாரத்தில் அதை ஆஃபிலேயே வையுங்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. சேல்ஸ் ஆள்கள் "முதல் வருட ஏ.எம்.சி. ஃப்ரீ" என்று பேசிவிட்டு வருவார்கள். அதை 'ப்ரைசிங் ரூல்' வழியாக இலவசப் பொருளாக அமைத்தால் வரி பூஜ்யம் விலையில் வரும். பூஜ்யத்தைத் தள்ளிவைத்தாலும் பூஜ்யம்தான். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடிய சேவை என்றால், பில்லில் ஃப்ரீ என்று போட்டாலும் அதற்கும் பங்கு உண்டு. ப்ரைசிங் ரூலைக் கழற்றிவிட்டு அந்த வரிக்கும் தனி விலை போட்டு, தள்ளுபடித் தொகையை அந்த அளவுக்கு உயர்த்துவதே வழி.

இதில் ஒரு நுணுக்கம். தயாரிப்பாளரின் சாதாரண வாரண்டி, அதாவது விற்ற பொருள் சொன்னபடி வேலை செய்யும் என்ற உறுதி, தனிக் கடமை (தனிப் பங்கு ஒதுக்க வேண்டிய சேவை) ஆகாது. அதற்குச் செலவு ஒதுக்கீடு மட்டும் போதும். முதல் வருடத்தில் வாரண்டியைத் தாண்டி ஃபோன் சப்போர்ட்டும் சாஃப்ட்வேர் அப்டேட்டும் கொடுத்தால் அவைதான் சேவை.

விலைப் பட்டியல் உண்மையாக இருந்தால்தான் இதெல்லாம் உண்மை. சப்போர்ட்டின் தனி விற்பனை விலைக்கு நல்ல ஆதாரம், நான்காம் வருடம் வாடிக்கையாளர்கள் தனியாகப் புதுப்பிக்கும்போது கொடுக்கிற தொகை. பட்டியலில் வருடம் 15,000 என்றிருக்க, புதுப்பித்தல்கள் 12,000-க்கே முடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சப்போர்ட்டின் தனி விலை 36,000, மொத்தம் 1,41,000. பிரித்துப் பார்த்தால் சப்போர்ட்டின் பங்கு 36,000 அல்ல, ரூ.30,638. மெஷினுடையது 59,574 ஆகிறது. ஒரு பில்லுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் காலம் மாறுகிறது. பட்டியல் விலையை உயர்த்தி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தள்ளுபடி தருகிற பழக்கம் உள்ள இடங்களில் ஆடிட்டர் முதலில் கை வைப்பது இங்கேதான். வருடம் ஒருமுறை புதுப்பித்தல் பில்களைப் பார்த்து ப்ரைஸ் லிஸ்டைத் திருத்துங்கள்.

தள்ளிவைக்கிற பகுதியில் இந்த மென்பொருள் நிஜமாகவே நன்றாக உழைக்கிறது. சப்போர்ட் பொருளின் மாஸ்டரில் 'எனேபிள் டெஃபர்டு ரெவென்யூ' டிக், 36 மாதம், ஒரு கடன்பொறுப்பு லெட்ஜர். இவ்வளவு அமைத்தால் போதும். இன்வாய்ஸ் சப்மிட் ஆனதும் 36,000 வருமானத்துக்குப் போகாமல் அந்த லெட்ஜரில் உட்காரும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி முந்தைய மாதத்துப் பங்கு தானாக வருமானத்துக்கு மாறும்.

சிக்கல் தேதியில். பில் 2025 மே 28, கடையில் பொருத்திச் சப்போர்ட் தொடங்கியது ஜூன் 10 என்று கொள்வோம். 'சர்வீஸ் ஸ்டார்ட் டேட்' கட்டத்தில் பில் தேதியே தானாக வந்து நிற்கும். சப்மிட் செய்யுமுன் ஜூன் 10 என்று மாற்ற வேண்டும். சப்மிட் செய்த பிறகு அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும். முடிவுத் தேதியையும் ஒருமுறை பாருங்கள். 2028 ஜூன் 9 என்று இருக்க வேண்டியது ஜூன் 10 என்று நின்றால் ஒரு நாள் கூடுதலாக எண்ணப்படும். பெரிய தொகை இல்லை, ஆனால் எக்செல்லோடு ஒப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு பில்லிலும் சில்லறை வித்தியாசம் வந்து அரைநாள் போகும்.

அக்கவுண்ட்ஸ் செட்டிங்ஸில் நாள் கணக்கா, மாதக் கணக்கா என்று கேட்கும். தானாக இருப்பது நாள் கணக்கு. நம் உதாரணத்தில் 2028 லீப் வருடத்தையும் சேர்த்து மொத்தம் 1,096 நாள்கள். ஜூன் 2025-க்கு 21 நாள், ரூ.689.78. ஜூலைக்கு 1,018.25. மாதக் கணக்கு வைத்தால் முழு மாதங்களுக்குச் சரியாக ஆயிரம். எதுவானாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள். மாதாமாதம் சமமாக எதிர்பார்க்கிற முதலாளி இருந்தால் மாதக் கணக்கு நிம்மதி.

இன்னொரு தேர்வு, மாத என்ட்ரியைத் தனி எண்ணுள்ள ஜர்னல் பதிவாகப் போடுவதா வேண்டாமா. ஜர்னல் வழி இல்லாவிட்டால் 2027-இன் வருமானம்கூட 2025 மே மாதத்து இன்வாய்ஸ் எண்ணிலேயே லெட்ஜரில் தெரியும். ஆடிட்டருக்கு அது பிடிக்காது. ஜர்னல் வழி போனால் மாதத்துக்கு ஒரு வவுச்சர் எண் கிடைக்கும், ஆனால் 400 வாடிக்கையாளர் என்றால் மூன்று வருடத்தில் 14,400 ஜர்னல்கள். சிறிய கடைக்கு ஜர்னல் வழி நல்லது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

சர்வரில் இந்த மாத வேலையைத் தானாக ஓட்டும் ஷெட்யூலர் நின்றுபோனால் மாற்றம் நடக்காது. சத்தமே இருக்காது, வருமானம் குறைவாகத் தெரிவது மட்டும்தான் அடையாளம். 'ப்ராசஸ் டெஃபர்டு அக்கவுண்டிங்' என்ற ஆவணத்தில் தேதி வரம்பு கொடுத்துக் கையால் ஓட்டிக்கொள்ளலாம். சப்போர்ட் தொடங்கிய தேதி கணக்கைப் பூட்டிவிட்ட மாதத்தில் விழுந்தாலோ, அந்த மாதத்துப் பங்கு அடுத்துத் திறந்திருக்கும் மாதத்தில் போய்ச் சேரும். ஏப்ரலில் சப்போர்ட் வருமானம் திடீரென்று ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது.

இன்ஸ்டலேஷனுக்கான 4,000-தான் இந்த மென்பொருளில் அநாதை. வேலை முடிந்தது என்ற தகவலை வைத்து வருமானத்தை விடுவிக்கும் வழி இல்லை, தேதியை வைத்து மட்டும்தான் தெரியும். டெஃபர்டு டிக் போட்டு, வேலை நடக்கும் என்று நினைக்கிற நாளையே தொடக்கமாகவும் முடிவாகவும் கொடுப்பது ஒரு வழி. வேலை தள்ளிப் போனால் ஜர்னல் போட்டுத் திருத்த வேண்டும். ஒரே மாதத்துக்குள் முடிகிற வேலைக்கு இந்தப் பாடு தேவையில்லை. மார்ச் கடைசியில் பில் போட்டு ஏப்ரலில் பொருத்துகிறவற்றை மட்டும் பட்டியல் எடுத்துத் திருப்பினால் போதும். லைசென்ஸும் அப்படித்தான். சாவியை மார்ச் 28-இல் மெயில் அனுப்பியிருந்தாலும் பயன்பாட்டு உரிமை ஏப்ரல் 1 முதல் என்றால் வருமானம் ஏப்ரலுக்குத்தான். நிரந்தர லைசென்ஸ் இல்லாமல் கிளவுட் சந்தா என்றால் அது சேவை. சப்போர்ட்டைப் போலவே மாதங்களுக்குப் பரப்ப வேண்டும்.

மெஷினிலும் மார்ச் வலி உண்டு. டெலிவரி நோட் போட்ட அன்று கொள்முதல் செலவு விழுகிறது, இன்வாய்ஸ் போட்ட அன்று வருமானம் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் மார்ச் 31 வந்தால் லாபம் ஒரு பக்கம் சாயும். டார்கெட்டுக்காக மார்ச் 30-இல் பில் போட்டு ஏப்ரல் 4-இல் அனுப்பினால், செலவே இல்லாத 56,000 மார்ச்சில் நிற்கும். செல்லிங் செட்டிங்ஸில் 'டெலிவரி நோட் இல்லாமல் இன்வாய்ஸ் கூடாது' என்று கட்டாயமாக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள், சேல்ஸ் டீம் முணுமுணுத்தாலும். சேவை மட்டும் உள்ள பில்களுக்கு டெலிவரி நோட் கேட்காதபடி பொருளை ஸ்டாக் இல்லாததாக வைக்க மறக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. இந்தக் கதைக்கு வெளியே நிற்கிறது, அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வருமானத்தைத் தள்ளிவைத்தால் வரியும் தள்ளிப் போகாது. 1,20,000-க்கு 18 சதவீதம், ரூ.21,600 மே மாதக் கணக்கிலேயே கட்ட வேண்டும்; மூன்று வருட சப்போர்ட்டுக்கான 6,480-உம் அதில் சேர்த்தி. டெஃபர்டு லெட்ஜரில் நிற்க வேண்டியது 36,000, வரியைச் சேர்த்து 42,480 அல்ல. மென்பொருள் இதைச் சரியாகவே செய்கிறது, கையால் ஜர்னல் போடுகிறவர்கள்தான் தவறுவது. வருடக் கடைசியில் ஜி.எஸ்.டி.ஆர். 9சி (புத்தகத்தையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் ஒத்துப் பார்க்கும் அறிக்கை) போடுகிறவர்களுக்கு, புத்தக விற்றுமுதலுக்கும் ரிட்டர்ன் விற்றுமுதலுக்கும் இடையே இந்தத் தொகையே வித்தியாசமாக வந்து நிற்கும். டெஃபர்டு லெட்ஜரின் ஆரம்ப, இறுதி இருப்புகளை எடுத்து வைத்துக்கொண்டால் விளக்கம் ஐந்து நிமிட வேலை.

நடுவில் வாடிக்கையாளர் கடையை மூடிவிட்டால்? 'சர்வீஸ் ஸ்டாப் டேட்' கட்டம் மட்டும் சப்மிட் ஆன பிறகும் திறந்திருக்கும். ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாது, யோசித்துக் கொடுங்கள். 2026 டிசம்பர் 31 என்று கொடுத்தால் அதுவரை 570 நாள், ரூ.18,722.63 வருமானம். மீதி 17,277.37 லெட்ஜரிலேயே கிடக்கும். அதை என்ன செய்வது என்று மென்பொருள் சொல்லாது. திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருந்தால் கொடுக்க வேண்டிய கடன். திருப்பித் தர வேண்டியதில்லை, இனிச் செய்ய வேண்டிய வேலையும் இல்லை என்றால் வருமானம். திருப்பித் தரும்போது ஜி.எஸ்.டி.யையும் குறைக்க நினைத்தால் காலம் கடந்திருக்கும். 2025-26 பில்லுக்கு வரியைக் குறைக்கும் கிரெடிட் நோட் 2026 நவம்பர் 30-க்குள். மூன்று வருட சப்போர்ட்டை வருடா வருடம் பில் போடுங்கள் என்று ஆடிட்டர்கள் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

தயாரிப்பாளரிடமிருந்து மூன்று வருட சப்போர்ட் பேக் வாங்கி அதையே விற்கிறவர்கள் கொள்முதல் பில்லிலும் 'டெஃபர்டு எக்ஸ்பென்ஸ்' டிக்கை அதே தேதிகளோடு போட வேண்டும். இல்லாவிட்டால் செலவு முழுக்க முதல் மாதம், வருமானம் 36 மாதம். சேவையை உண்மையில் தருவது யார், விலையை வைப்பது யார் என்று பார்த்து நாம் வெறும் ஏஜென்ட் என்று முடிவானால், வருமானமாகக் காட்ட வேண்டியது மார்ஜினை மட்டுமே. அந்த முடிவை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது. சேல்ஸ் ஆளுக்குத் தரும் இன்சென்டிவைப் பரப்ப வேண்டியிருந்தால் அதுவும் கைவேலை, சம்பளப் பதிவில் டெஃபர்டு வசதி இல்லை.

ரிப்போர்ட்டில் பாதிக் கிணறுதான். 'டெஃபர்டு ரெவென்யூ அண்டு எக்ஸ்பென்ஸ்' ரிப்போர்ட் எந்த மாதம் எவ்வளவு மாறியது, இன்னும் எவ்வளவு மாறும் என்று காட்டுகிறது. கம்பெனிகள் சட்டத்தின் ஷெட்யூல் 3 கேட்கிற, 12 மாதத்துக்குள் எவ்வளவு, அதற்குப் பின் எவ்வளவு என்ற பிரிவு அதில் இல்லை. நம் பில்லில் 2026 மார்ச் 31-இல் 295 நாள் போக மீதி 26,310.22. அதில் அடுத்த 365 நாளுக்கு 11,989.05, அதற்குப் பிந்தையது 14,321.17. இதை எக்செல்லில்தான் போட வேண்டும். ஒப்பந்தம் நடுவில் மாறி, இரண்டாவது மெஷின் குறைந்த விலைக்குச் சேர்ந்தாலும் அதே கதி.

மாதம் நூறு, இருநூறு பேக்கேஜ் விற்று, நான்கைந்து வகைக் கலவைக்குள் வியாபாரம் அடங்குகிறவர்களுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வேன். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாகப் பேசி முடித்து, பாதியில் மாற்றிக்கொண்டே இருக்கிற பெரிய டெண்டர் வியாபாரத்துக்கு இது போதாது. எடுத்தவர்கள் மார்ச் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள்: டெஃபர்டு லெட்ஜரின் இறுதி இருப்பை அந்த ரிப்போர்ட்டின் மீதியோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் யாரோ அந்த லெட்ஜரில் நேரடியாக ஜர்னல் போட்டிருக்கிறார்கள், அல்லது ஸ்டாப் டேட் கொடுத்து மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள்.